ஒட்டு மீசை மாமா

கடலூர் மாவட்டக் கேபிள் டிவியில் ஒரு சிப்ஸ் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மீசையை நீவிவிட்டபடி, "அம்மா வேணாம்பாங்க, அப்பா அப்புறம்பாரு, மாமா வாங்கித் தருவாரு!" என்று சொல்கிற ஆள் நான்தான். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. மீசை என்னுடையதல்ல. மோட்டார் சைக்கிளும் என்னுடையதல்ல, எனக்கு ஓட்டவும் தெரியாது. படத்தில் தெரியாதபடி குனிந்துகொண்டு இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். நான் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக இருந்தேன். வண்டிச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். அந்த வசனம் மட்டும் என் சொந்தச் சரக்கு. இருப்பதிலேயே அதுதான் பெரிய வெட்கக்கேடு.

ஏனென்றால், நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அப்படிப் போகையில் படித்ததை எல்லாம் வைத்து, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கண்டித்து, ஒரு சிறுபத்திரிகையில் நீளமான கட்டுரையும் எழுதியிருக்கிறேன். அதை முழுவதும் படித்தவர்கள் நானும் பிழை திருத்தியவரும். பிழைகளைப் பார்த்தால் அவரும் முழுவதும் படித்திருக்க வாய்ப்பில்லை.

சிப்ஸ் கம்பெனி என் பள்ளிக்கூட நண்பனுடையது. செம்மங்குப்பம் போகிற வழியில், ஒரு பெரிய கொட்டகையில் நடக்கிறது. சுற்றிலும் ரசாயனத் தொழிற்சாலைகள் என்பதால் அவனுடைய மசாலா நெடியைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் புகார் சொன்னதில்லை. விரலில் மோதிரம் போல மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்னும் சிப்ஸ் அது. ஆரஞ்சு வண்ணப் பாக்கெட். ஒருநாள் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், நீ எவ்ளோ படிச்சிருக்க. புள்ளைங்க வாயில நிக்கிற மாதிரி ஒரு லைன் குடுறா."

"நான் இந்த மாதிரி விளம்பரத்துக்கே எதிரானவன்டா. கட்டுரை எழுதியிருக்கேன்."

"எதிராவே இரு. யாரு வேணாம்னா? லைன மட்டும் குடு."

என் கட்டுரையை அவன் படித்திருந்தால் கொஞ்சம் கோபித்துக்கொண்டாவது போயிருப்பான். படிக்கவில்லை என்பது தெரிந்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. நான் யார் என்று காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. ஒரு குழந்தை பாக்கெட் சிப்ஸ் கேட்டால் அம்மா மறுப்பார். அப்பா தள்ளிப்போடுவார். அம்மாவின் கூடப் பிறந்தவன், அந்தத் தாய்மாமன், மறுக்கவே முடியாது. நம் பக்கத்தில் தாய்மாமன் என்பவன் கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட ஆள். தொட்டிலில் தொடங்கிக் கல்யாணம் வரைக்கும் தட்டு ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியவன். அவன் வாங்கித் தந்ததை அம்மாவால் தட்டிப் பறிக்க முடியாது, அது பிறந்த வீட்டுப் பொருள். அப்பாவும் வாயைத் திறக்க முடியாது, மைத்துனனை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். கோட்டைக் கதவில் இப்படி ஒரு சின்னத் திட்டிவாசல் இருப்பதைப் பெரிய கம்பெனிகள் எதுவும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன். பல வருட வாசிப்புக்கு ஏதாவது ஒரு பயன் இருந்தாக வேண்டுமே.

மாமாவாக நடிக்கப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்கு அதே நாளில் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று கிடைத்துவிட்டது. "மச்சான், நீயே நில்றா. உனக்குத்தான் வசனம் தெரியும்" என்றான் நண்பன். நான் "அதெல்லாம் முடியாது" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

கேமராக்காரர் சின்ன வயதுக்காரர், தொழில் தெரிந்தவர். முதல் இரண்டு தடவையும் நான் மேடையில் பேசுவது போலப் பேசினேன். அவர் கிட்டே வந்து, "சார், ஊருக்கே சொல்லாதீங்க. லென்ஸப் பாருங்க. அதுக்கு அந்தாண்ட ஒரே ஒரு கொழந்த இருக்கு. அதுகிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். நன்றாக வந்தது. நண்பன் கைதட்டினான். விளம்பரத்தில் சிப்ஸ் தின்னும் சிறுமி அவன் அண்ணன் மகள். ஒவ்வொரு முறையும் "சூப்பர் மாமா!" என்று சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் ஒரு வாளியில் துப்பிவிட்டு வந்தாள். காரம் ஜாஸ்தி என்றாள்.

சம்பளமாக ஓர் அட்டைப்பெட்டி நிறைய சிப்ஸும், ஞாபகார்த்தமாக அந்த மீசையும் கொடுத்தார்கள்.

விளம்பரம் பிடித்துக்கொண்டது. எவ்வளவு பிடித்தது என்பது எனக்கு வசவுகள் மூலமாகத்தான் தெரியவந்தது. எங்கள் தெருமுனை டீக்கடையில் ஓர் ஆட்டோக்காரர் சொன்னார்: "அக்கா வூட்டுக்குப் போவவே பயமா இருக்கு சார். கதவத் தொறக்கும்போதே ரெண்டு புள்ளைங்களும் கைய நீட்டிக்கினு நிக்கிதுங்க. வெறுங்கையோட போனா, 'நீ மாமாவா?'ன்னு கேக்குதுங்க. எவன் எழுதுனான்னு தெரில, கைல கெடைச்சான்..." நான் டீயை ஊதிக் குடித்தேன். மீசை இல்லாத என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நடிகனாக எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். மனிதனாக நிம்மதி.

என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "கட்டுரை எழுதி ஒரு புள்ளையும் திருந்தல. ஒரே ஒரு வரி எழுதி ஊரையே கெடுத்துட்டீங்க. நெஜமாவே திறமைதாங்க" என்றாள். பாராட்டுவது போலத்தான் முகத்தை வைத்திருந்தாள்.

நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் உண்டு. விளம்பர விஷயம் அங்கே அவருக்கு மட்டும் தெரியும், நானே சொன்னதுதான். என்னைவிட இருபது வயதாவது இளையவர். குறிஞ்சிப்பாடியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படிக்க வந்த இடத்தில் வேறு சாதிக்காரர் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரத்திலேயே தங்கிவிட்டார். கணவர் மருந்துக்கடையில் இருக்கிறார், நல்ல மனிதர். அப்பா அம்மா இல்லை. ஒரே ஓர் அண்ணன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஐந்து வயதில் ஒரு மகள். நூலகத்துக்கு இரண்டொரு முறை வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் காதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். காது மடலில் தோடு இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார் அந்தப் பெண்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. எம் பொண்ணு உங்களத்தான் மாமான்னு சொல்லிக்கினு இருக்கா."

"எல்லாப் பிள்ளையும் அப்படித்தாம்மா கூப்பிடுது."

"அப்படி இல்ல சார். நெஜம் மாமான்னு. ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களும் எங்க மாமா அது வாங்கியாந்தாரு, இது வாங்கியாந்தாருன்னு சொல்லுதுங்க போல. உங்க விளம்பரம் வந்ததுலேருந்து அதே பேச்சுதான். வந்து, 'எனக்கு மாமா இருக்காரா'ன்னு கேட்டா. இருக்காருன்னேன். 'எங்க?'ன்னா. அந்த நேரம் பாத்து டிவில நீங்க வந்து வண்டிலேருந்து எறங்குறீங்க. 'இவரா?'ன்னா..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்... னுட்டேன் சார்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அவருடைய கணவர் வீட்டில் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டார்கள். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது வழக்கம். ஒரு வயதில் இந்தப் பெண் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். மூன்று வயதிலும் தள்ளிப்போட்டார். அண்ணன் மனசு மாறிவிடுவான் என்று காத்திருந்ததுதான் காரணம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்த வேண்டும்? இப்போது ஐந்து. இனிமேல் தள்ளிப்போட முடியாது. மாமா மடி காலியாக இருந்தால் சபையில் அத்தனை பேர் முன்னாலும் பிறந்த வீடு இல்லாதவர் என்று ஆகிவிடும். குழந்தையோ தன் பங்குக்குத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், டிவி மாமா வண்டியில் வரப்போகிறார், சிப்ஸ் கொண்டுவருவார், அவர் மடியில்தான் உட்காருவேன் என்று.

"நீங்க வந்து ஒக்காந்துடுங்க சார். மொறைக்கு யாராவது ஒக்காரலாம்னு அவங்க வீட்டுலயும் சொல்லிட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த மீசயோட" என்றார்.

சரி என்றேன். அன்று முழுவதும் நூலகத்தில் ஒரு சொந்தத் தாய்மாமன் போலவே நடந்துகொண்டிருந்தேன். ராத்திரி படுக்கும்போதுதான் கேமராக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. லென்ஸுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குழந்தை. நான் அதைத் தொழில் யுக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே ஒரு குழந்தை அங்கே உட்கார்ந்து, நான் சொன்னதைத் தன்னிடம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. என் கட்டுரையில் விளம்பரங்கள் குழந்தைகளுக்குப் பொருள்மீது ஆசையைத் தூண்டுகின்றன என்று எழுதியிருந்தேன். இந்தக் குழந்தை சிப்ஸ் கேட்கவே இல்லை. அவள் கேட்டது சிப்ஸோடு வந்த ஆளை. அப்படி ஒரு விளைவு இருக்கும் என்று நான் படித்த எதிலும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கத் தகுந்த ஆள் என்று நானே என்னைப் பற்றி முடிவு செய்துகொண்டேன். வழி நெடுகப் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மிக நன்றாக இருந்தது. ஓரிடத்தில் எனக்கே கைதட்டத் தோன்றியது.

அண்ணன் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். கட்டையான உருவம், நறுக்கென்று வெட்டிய மீசை. கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும், "என்னா உரம் வேணும்?" என்றார்.

"உரம் வேண்டாம். உங்க தங்கச்சி விஷயமா வந்திருக்கேன்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பையனை அனுப்பிப் பன்னீர் சோடா வாங்கிவரச் சொன்னார். குடிக்கக் கொடுத்துவிட்டு, பேசவிட்டார். நான் பேசினேன். ரத்த பந்தம் என்றேன், காலம் மாறிவிட்டது என்றேன், மனித உறவுகளின் மேன்மை பற்றி இரண்டு அறிஞர்களைத் துணைக்கு அழைத்தேன். நடுவில் ஒருவர் வந்து யூரியா கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்து, "ம், சொல்லுங்க" என்றார். விட்ட இடம் எனக்கு மறந்துவிட்டது.

"நீங்க யாரு சார் அவளுக்கு?" என்று கேட்டார்.

"கூட வேலை செய்யறேன்."

"அது சரி. இதுல நீங்க யாரு?"

சொல்ல ஒன்றும் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. போனை எடுத்து விளம்பரத்தைப் போட்டுக் காட்டினேன். "உங்க மருமக இவரத்தான் மாமான்னு நெனைச்சிக்கிட்டு இருக்கா. நான்தான் இது. வர்ற வெள்ளிக்கிழமை காதுகுத்து. நான்தான் மடியில வச்சுக்கப் போறேன்" என்று சொல்லி, மண்டபம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். குழந்தையின் ஏக்கத்தை அவருக்குப் புரியவைப்பதாக எண்ணம்.

அவர் விளம்பரத்தை முழுவதும் பார்த்தார். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வெயில் ஏறதுக்குள்ள பஸ்ஸப் புடிங்க சார்" என்றார்.

திரும்பி வரும்போது, என் பேச்சின் எந்த இடத்தில் பிசகியது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு தாய்மாமனிடம் போய், 'உன் மருமகளை நான் மடியில் உட்கார்த்திக்கொள்ளப் போகிறேன்' என்று சொன்னது பிசகாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணிடம் நான் போய் வந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மீசையை எடுத்தால், ஒட்டுவதற்குப் பசை இல்லை. அன்று ஒட்டியது ஒப்பனைக்காரருடைய பசை. கடைசி நிமிஷத்தில் நூலகத்தில் கிழிந்த அட்டைகளை ஒட்டும் பசை ஞாபகம் வந்தது. பையில் ஒரு டப்பா இருந்தது. தலையணை தடிமனுள்ள ஓர் அகராதியின் முதுகைப் பல வருடங்களாகத் தாங்கிப் பிடித்திருக்கும் பசை அது. என் மனைவி பார்த்துவிட்டு, "கழட்ட முடியுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். இந்த மாதிரிக் கேள்விகளை நான் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம்.

தெற்கு வீதிக்குப் பின்னால் சின்ன மண்டபம். நண்பன் அன்புமிகுதியால் ஓர் அட்டைப்பெட்டி சிப்ஸோடு, கம்பெனி பெயர் போட்ட பெரிய பேனர் ஒன்றும் கொடுத்தனுப்பியிருந்தான். பேனரை ஆட்டோ சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு மானம் மிச்சம் இருந்தது.

குழந்தை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நூலகத்தில் இரண்டொரு முறை பார்த்தும் என்னை ஒரு பொருட்டாக மதிக்காதவள், மீசையைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். "எங்க மாமா! எங்க மாமா வந்துட்டாரு! பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். பிள்ளைகள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "வண்டி எங்க?" என்று ஒரு பயல் கேட்டான். "சர்வீசுக்கு விட்டிருக்காரு" என்று அவளே பதில் சொல்லிவிட்டாள். என்னைக் காப்பாற்றும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு என்னமோ செய்தது.

காதுகுத்தும் பத்தர் விளக்குக்குப் பக்கத்தில் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். மணை போட்டாயிற்று. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போன நேரத்தில் வாசலில் ஒரு வண்டி நின்றது.

உரக்கடைக்காரர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி. இரண்டு பேர் கையிலும் தட்டுகள். வாழைப்பழம், வெல்லம், பூ, சின்னதாக ஒரு பட்டுப்பாவாடை, நடுவில் ஒரு சிவப்பு டப்பா. அதில் தோடு என்பது பார்த்தாலே தெரிந்தது. மேளம் இல்லை, ஆரவாரம் இல்லை. அவர் உள்ளே வந்து தட்டை வைத்தார்.

அந்தப் பெண் கையில் பிடித்திருந்த குங்குமச் சிமிழை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வாண்ணா" என்றார்.

"ம்" என்றார் அண்ணன். பிறகு, "எளச்சிட்டியே" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கணவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்கவிட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பி மீசையைப் பார்த்தார். என்னைத் தாண்டிப் போய் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியைத் தட்டி, "வா பாப்பா" என்றார்.

குழந்தை வரவில்லை.

"இது எங்க மாமா இல்ல" என்றாள். என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "இவருதான் மாமா."

மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண், "அவருதான்டி ஒன் மாமா, அம்மாவோட அண்ணன்டி" என்று குனிந்து சொன்னார். குழந்தை தலையை ஆட்டினாள். "டிவில காட்டி நான் கேட்டேன்ல? நீதானே ம்-னு சொன்ன?" என்றாள். அண்ணன் தட்டிய மடி அப்படியே இருந்தது. கையை எங்கே எடுத்து வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடக் கோபத்தை இறக்கி வைத்துவிட்டு வந்த மனிதர், ஆரஞ்சு வண்ணச் சிப்ஸ் பாக்கெட்டுக்குத் தோற்றுப்போய்ச் சபை நடுவில் உட்கார்ந்திருந்தார். "விடும்மா. அவரே ஒக்காரட்டும்" என்று எழுந்திருக்கப் போனார். இப்போது எழுந்தால் மறுபடி வரமாட்டார் என்பது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"பாப்பா, நான் டிவிக்காரன். அது விளையாட்டு. வண்டி கூட என்னுது இல்ல, தள்ளிக்கிட்டு வந்தாங்க. என்னை அப்படிச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

"நீ எங்கிட்டதானே சொன்ன?" என்றாள்.

அவளிடம்தான் சொன்னேன். அப்படிச் சொன்னதால்தான் கைதட்டினார்கள்.

வேறு வழி தெரியாமல் மீசையைப் பிடித்து இழுத்தேன். அகராதிப் பசை தன் பெருமையைக் காட்டியது. மீசை வரவில்லை. உதடு வந்தது. இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். பாதி கையோடு வந்தது, மீதி தோலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. நான் போட்ட சத்தத்தில் பத்தர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர். உணர்ச்சிவசப்பட்டு அழுகிறேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் 'ச்சு' கொட்டினார்.

குழந்தை என் கையில் இருந்த பாதி மீசையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நூலகத்தில் பார்த்த ஆள் என்பது மெதுவாக அவளுக்குத் தெரியவந்தது. உதடு பிதுங்கியது. நான் பயந்த அழுகை வரவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப" என்றேன்.

பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "பாப்பா, இங்க வா. எம் மீசையப் புடிச்சி இழுத்துப் பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். தயங்கித் தயங்கிப் போனாள். இரண்டு விரலால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"நல்லா இழு" என்றார்.

முழுக் கையாலும் பிடித்து, காலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தாள். அவருடைய தலை முன்னால் வந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனால் சத்தம் போடவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை. "வருதா?" என்றார்.

"வரல" என்றாள்.

"வராது" என்றார் அவர்.

அவள் இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மீசையை விடாமலே அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பத்தர் இதற்காகத்தான் காத்திருந்தது போல ஸ்டிக்கர் பொட்டை உரித்துவிட்டு ஒரு காதைக் குத்தினார். அவள் அலறினாள். அவரும் அலறினார், மீசை அவள் கையில் இருந்ததே. இன்னொரு காதுக்கும் அப்படியே. அந்தப் பெண் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே சிரித்தார். இல்லை, சிரித்தபடியே அழுதார். அதைப் பிரித்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. மூலையில் ஒரு பக்கெட் வெந்நீரில் துண்டை நனைத்து உதட்டில் ஒத்திக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னால் பாயசம் மட்டும்தான் குடிக்க முடிந்தது. குறிஞ்சிப்பாடியில் நான் பேசியது வீண்போகவில்லை என்று உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. அதை அடக்கமாக வெளியிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் யோசிச்சுப் பாத்தீங்க போல."

"நீங்க சொன்னது ஒண்ணும் வெளங்கல சார்" என்றார் சாதத்தைப் பிசைந்தபடி. "அந்த வெளம்பரம்தான் தூங்கவிடல. எவனோ ஒருத்தன் எம் மருமகளுக்கு நான்தான் மாமன்னு மீசைய முறுக்குறான். வூட்டுக்காரி சிரிச்சிக்கினே சொல்லுது, 'நீங்க போலன்னா அந்தாளுதான் மாமா'ன்னு. விட்டுட முடியுமா?"

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி நண்பனிடம் பேசினேன். நடந்ததை விவரமாகச் சொன்னேன். அவன் கண்கலங்கிப் போனான். "மச்சான், இதயே அடுத்த வெளம்பரமா எடுத்துடலாமா?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். கேபிள்காரரிடம் தீபாவளி வரைக்கும் பேசியாகிவிட்டதாம், அதுவரை ஓடித்தான் தீருமாம். அந்தப் பெண் சொன்னார், இப்போது விளம்பரம் வந்தால் குழந்தை சாப்பிடுவதை நிறுத்துவதில்லை என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தால், "அது பசைல ஒட்டுனது, உள்ள ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிக்கொடுக்கிறாளாம். என் நீண்ட கட்டுரையின் சாரமும் கிட்டத்தட்ட அதுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குள் போனேன். உதட்டுக்கு மேலே இன்னும் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. உள்ளே அண்ணனும் குழந்தையும் பாவாடைத் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த டிவியில், நேரம் பார்த்தது போல, நான் வண்டியிலிருந்து இறங்கினேன். மீசையை நீவினேன். குழந்தை நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காதில் தோடு ஆடியது. அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள்:

"மாமா, பாவாடை அப்புறம் பாக்கலாம். அந்த ஆளுக்கு ஒரு மீச வாங்கிக் குடு. பாவமா இருக்கு."